நுண்சில்லுக்குள் திரவத்தை நகர்த்துவது: பம்பின் திரையில் தெரியும் எண்ணும் கால்வாயின் உண்மை ஓட்டமும்

100 மைக்ரோமீட்டர் அகலமும் அதே உயரமும் 5 சென்டிமீட்டர் நீளமும் கொண்டதாக, கண்ணாடியாலோ ரப்பராலோ ஆன சிறு தட்டான நுண்சில்லுக்குள் அமைந்த ஒரு நுண்கால்வாயில் அடங்கும் திரவம் அரை மைக்ரோலிட்டர்தான். அந்தக் கால்வாய்க்குத் திரவத்தைக் கொண்டுவரும் குழாயின் உள்விட்டம் அரை மில்லிமீட்டர், நீளம் ஒரு மீட்டர் என்றால், அதற்குள் ஏறத்தாழ 200 மைக்ரோலிட்டர் நிற்கும். சில்லின் கொள்ளளவைப் போல நானூறு மடங்கு திரவம் சில்லுக்கு வெளியே கிடக்கிறது. நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் என்று பம்பை அமைத்து, குழாயின் மறுமுனையில் வினைபொருளை மாற்றியவர், அது சில்லின் வாசலை எட்டுவதற்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். உள்விட்டம் கால் மில்லிமீட்டராக உள்ள குழாயை 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிப் பொருத்தினால் அதே காத்திருப்பு பத்து நிமிடமாகிவிடும்.

இத்தகைய நுண்கால்வாய்களில் திரவத்தைக் கையாளும் துறையான நுண்பாய்மவியலில் பலரும் முதலில் கேட்கும் கேள்வி எந்தப் பம்பை வாங்கலாம் என்பது. பம்ப், குழாய், இணைப்பு, கால்வாய், வெளியேறும் வாய் ஆகிய அனைத்தும் சேர்ந்து ஒரே சுற்று. அதில் எந்த உறுப்பை மாற்றினாலும் ஓட்டம் மாறும் என்ற புரிதல் அந்தக் கேள்விக்கு முன்பே வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பம்பின் திரையில் தெரியும் எண் நாம் இட்ட கட்டளை மட்டுமே. கால்வாயில் அந்த நொடியில் என்ன ஓடுகிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை.

இந்த அளவில் திரவம் நடந்துகொள்ளும் விதத்தை முதலில் பார்த்துவிடலாம். மேற்சொன்ன கால்வாயில் நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் நீர் ஓடினால் அதன் சராசரி வேகம் வினாடிக்கு 1.7 மில்லிமீட்டர்; பாகுநிலை விசையோடு ஒப்பிட்டால் நிலைம விசை எவ்வளவு என்று சொல்லும் ரெனால்ட்ஸ் எண் 0.2-க்கும் குறைவு. குழாய்களில் சுழற்சி ஓட்டம் தலைகாட்டுவது அந்த எண் ஏறத்தாழ 2000-ஐத் தாண்டும்போதுதான் என்பதால், நுண்கால்வாயில் எப்போதும் சுழலின்றி அடுக்கடுக்காக ஓடும் வரிச்சீர் ஓட்டமே நிலவும். இரண்டு திரவங்களை ஒரே கால்வாயில் அருகருகே விட்டால் அவை கலக்காமல், நடுவில் தெளிவான எல்லையுடன், இணையாக ஓடிக்கொண்டிருக்கும். கலப்பு நிகழ, மூலக்கூறுகள் தாமாகவே பரவும் விரவல் ஒன்றே வழி. சிறிய மூலக்கூறு 100 மைக்ரோமீட்டர் தொலைவை விரவிக் கடக்க ஏறத்தாழ 5 வினாடி ஆகும். ஆல்புமின் போன்ற புரதத்துக்கு அதுவே 80 வினாடியைத் தாண்டும், ஆனால் திரவம் சில்லைக் கடந்துபோக 30 வினாடியே எடுத்துக்கொள்கிறது. ஆகவே இந்தக் கால்வாயில் புரதம் முழுமையாகக் கலப்பதற்குள் வெளியேறிவிடும். கால்வாயின் அடித்தளத்தில் மீன்முள் வடிவில் சாய்ந்த வரிப்பள்ளங்களைப் பொறித்துத் திரவத்தை முறுக்கி மடிக்கும் அமைப்பை 2002-இல் ஹார்வர்டில் ஸ்ட்ரூக், வைட்சைட்ஸ் ஆகியோரின் குழு வெளியிட்டது இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான்.

அடுத்தது மின்தடைக்கு நிகரான ஓட்டத்தடை. அழுத்த வேறுபாட்டை ஓட்ட வீதத்தால் வகுத்தால் கிடைப்பது இதுவே. மின்சுற்றில் ஓம் விதி செய்யும் வேலையை இங்கே இது செய்கிறது. சதுர வெட்டுமுகம் கொண்ட கால்வாயில் இந்தத் தடை, பக்க அளவின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 100 மைக்ரோமீட்டர் கால்வாயில் நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் நீரை ஓட்ட 240 பாஸ்கல் போதும், 2.4 சென்டிமீட்டர் உயர நீர்த்தம்பமே அதைத் தந்துவிடும். அதே நீளமுள்ள 10 மைக்ரோமீட்டர் கால்வாயில் அதே ஓட்டத்துக்குப் பத்தாயிரம் மடங்கு அழுத்தம், அதாவது ஏறத்தாழ 24 வளிமண்டல அழுத்தம் தேவைப்படும். சில்லுகள் பெரிதும் வார்க்கப்படும் பி.டி.எம்.எஸ் என்ற சிலிக்கோன் ரப்பரும் கண்ணாடியும் ஒட்டிய இணைப்பு அதற்கு வெகு முன்பே பிரிந்துவிடும். அகலமான, தட்டையான கால்வாயில் அகலம் இரட்டித்தால் தடை ஏறத்தாழ பாதியாகும். உயரம் இரட்டித்தாலோ அது எட்டில் ஒரு பங்காகக் குறையும். வார்ப்பச்சைத் தயாரிக்கும்போது உயரத்தில் நேரும் 5 விழுக்காட்டுப் பிழை, ஓட்டத்தில் 15 விழுக்காட்டுப் பிழையாக வந்து நிற்பதன் காரணம் இதுதான். கால்வாயின் உயரத்தை வரைபடத்திலிருந்து எடுத்துக்கொள்ளாமல் அளந்தே குறிக்க வேண்டும் என்று வலியுறுத்துவதும் இதனால்தான்.

ஆய்வகங்களில் மிகப் பரவலாகக் காணப்படும் சிரிஞ்சு பம்பை எடுத்துக்கொள்வோம். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு திருகுதண்டைச் சுழற்ற, அது சிரிஞ்சின் உந்துதண்டைத் தள்ளுகிறது. மோட்டார் படிப்படியாக நகர்வதால் திரவமும் உண்மையில் சிறுசிறு தவணைகளாகவே தள்ளப்படுகிறது. உந்துதண்டு ஒரு படியில் 1 மைக்ரோமீட்டர் நகர்வதாக வைத்துக்கொண்டால், உள்விட்டம் 4.7 மில்லிமீட்டராக உள்ள 1 மில்லிலிட்டர் சிரிஞ்சு ஒவ்வொரு படிக்கும் 17 நானோலிட்டரை வெளியேற்றும், விட்டம் 14.5 மில்லிமீட்டராக உள்ள 10 மில்லிலிட்டர் சிரிஞ்சு 165 நானோலிட்டரை வெளியேற்றும். நிமிடத்துக்கு 0.1 மைக்ரோலிட்டர் என்ற மெதுவான ஓட்டத்தில் முதல் சிரிஞ்சு பத்து வினாடிக்கு ஒருமுறையும் இரண்டாவது நூறு வினாடிக்கு ஒருமுறையும் துடிக்கும். நல்ல பம்புகளின் படி இதைவிட நுண்ணியது என்றாலும் விகிதம் மாறாது: மெதுவான ஓட்டத்துக்கு இயன்றவரை மெல்லிய சிரிஞ்சையே பயன்படுத்த வேண்டும். ரப்பர் முனை உள்ள பிளாஸ்டிக் சிரிஞ்சில் முனை சுவரோடு ஒட்டி நின்று, பிறகு விடுபட்டு நழுவும் சிக்கலும் சேர்ந்துகொள்ளும். கண்ணாடிச் சிரிஞ்சு இதில் மேலானது.

சிரிஞ்சு பம்பின் பெரிய சிக்கல் வேறொன்று. பம்பை இயக்கியபின் ஓட்டம் நிலைபெற எவ்வளவு நேரமாகும் என்பதே அது. சிரிஞ்சுக்குள் 10 மைக்ரோலிட்டர் அளவுள்ள ஒரு காற்றுக்குமிழி தங்கிவிட்டது என்று கொள்வோம். கண்ணுக்குத் தெரிந்தும் பொருட்படுத்தாமல் விடப்படும் அளவு அது. உந்துதண்டு நகரும்போது முதலில் அந்தக் குமிழி அமுங்குகிறது. கால்வாயின் தடையை வெல்லும் அழுத்தம் சேர்ந்த பின்னரே கேட்ட ஓட்டம் கிடைக்கும். மின்தேக்கி ஒரு தடை வழியே மின்னேற்றம் பெறுவதற்கான அதே கணக்கு இங்கும் பொருந்துகிறது: அழுத்தத்துக்கு ஏற்பக் குமிழி எவ்வளவு சுருங்கும் என்பதைக் காட்டும் அதன் நெகிழ்வையும் ஓட்டத்தடையையும் பெருக்கினால், ஓட்டம் எவ்வளவு விரைவாக நிலைபெறும் என்று சொல்லும் காலமாறிலி வரும். 100 மைக்ரோமீட்டர் கால்வாய்க்கு இது ஒன்றரை வினாடிக்கும் குறைவு, ஆகவே எவரும் கவனிக்கமாட்டார்கள். 50 மைக்ரோமீட்டர் கால்வாய்க்கு 23 வினாடி. 20 மைக்ரோமீட்டர் கால்வாய்க்கு ஏறத்தாழ கால் மணி நேரம். ஓட்டம் இறுதி அளவின் 95 விழுக்காட்டை எட்ட அதைப்போல மூன்று மடங்கு, அதாவது முக்கால் மணி நேரம் ஆகும். சிறிய கால்வாய்க்கு மாறியவுடன் சோதனை திடீரென்று ஒழுங்கற்றுப் போய்விட்டதாகத் தோன்றும் பல நேரங்களில் நடந்திருப்பது இதுதான், பம்ப் பழுதாகியிருக்காது.

பம்பை நிறுத்தும்போதும் இதே கதைதான். ஓட்டத்தைக் காணத் திரவத்தில் சேர்த்த ஒளிரும் நுண்மணிகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருப்பவர் பொத்தானை அழுத்தி மோட்டாரை நிறுத்துகிறார். திரையில் ஓட்டம் சுழியம் என்று வருகிறது. மணிகளோ நகர்ந்துகொண்டே இருக்கின்றன, மெல்ல மெல்ல வேகம் குறைந்து, சில நிமிடங்களுக்குப் பிறகும் ஊர்கின்றன. அமுங்கியிருந்த குமிழியும் விரிந்திருந்த குழாயும் தாம் சேர்த்துவைத்த திரவத்தைத் திருப்பித் தருகின்றன. நெகிழ்வு என்பது குமிழியால் மட்டும் வருவதன்று. மென்மையான சிலிக்கோன் குழாய், ரப்பர் முனை, பி.டி.எம்.எஸ் சுவர் ஆகிய ஒவ்வொன்றும் தன் பங்கைச் சேர்க்கும். ஆனால் இதே நெகிழ்வுதான் மோட்டாரின் துடிப்பையும் மழுப்பிச் சீராக்குகிறது. ஆகவே நெகிழ்வை முழுதும் ஒழித்துவிட்டால் ஓட்டம் விரைவாக மாறும், ஆனால் துடிக்கும். கூட்டினால் சீராகும், ஆனால் மந்தமாகும். எது வேண்டும் என்பதைச் சோதனைதான் தீர்மானிக்க வேண்டும்.

அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவி இந்த முடிச்சை வேறு முனையிலிருந்து அவிழ்க்கிறது. மூடிய புட்டியில் உள்ள திரவத்தின் மேல் காற்றழுத்தத்தைச் செலுத்தி, அந்த அழுத்தத்தை ஓர் உணரியின் துணையோடு மாறாமல் வைத்திருப்பது இதன் முறை. மோட்டார் படி இல்லாததால் துடிப்பு இல்லை; கட்டளை மாறினால் ஒரு வினாடிக்குள்ளேயே ஓட்டமும் மாறிவிடும். ஆனால் இங்கே நமக்குத் தெரிவது அழுத்தம் மட்டுமே. ஓட்டம் எவ்வளவு என்பது தடையைப் பொறுத்தது, தடையோ வெப்பநிலையோடும் அடைப்போடும் மாறும். நீரின் பாகுநிலை 20 டிகிரி செல்சியஸிலிருந்து 37 டிகிரிக்குப் போகும்போது ஏறத்தாழ 30 விழுக்காடு குறைகிறது. அதே அழுத்தத்தில் ஓட்டம் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடும். இதனால்தான் குழாய்ப் பாதையில் ஓர் ஓட்ட உணரியை வைத்து, அதன் அளவீட்டைக் கொண்டு அழுத்தத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும் அமைப்புகள் வந்தன.

அடைப்பு ஏற்படும்போது இவ்விரு முறைகளும் நேர் எதிராக நடந்துகொள்வதையும் கருத வேண்டும். சிரிஞ்சு பம்ப் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும்; அழுத்தம் ஏறிக்கொண்டே போய், அடைப்பு விலகும், அல்லது இணைப்பு பிய்த்துக்கொண்டு திரவம் நுண்ணோக்கியின் மேல் சிதறும். அழுத்தக் கட்டுப்பாட்டில் ஓட்டம் ஓசையில்லாமல் குறைந்து நின்றுவிடும். உணரி இல்லாவிட்டால் அது நின்றதே தெரியாது. உயிரணுக்களை இரவு முழுவதும் வளர்க்கும் சோதனையில் இரண்டாவது வகைத் தோல்வி மிகவும் ஆபத்தானது.

சில்லுக்குள் நுழையும் காற்றுக்குமிழியைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். 50 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள நுண்புழையில் நீரின் பரப்பு இழுவிசையால் உண்டாகும் அழுத்தம் ஏறத்தாழ 2900 பாஸ்கல் வரை போகும். நம் முதல் கால்வாயில் திரவத்தை ஓட்டத் தேவைப்பட்டதோ 240 பாஸ்கல்தான். ஆகவே குறுகலான இடத்தில் மாட்டிக்கொண்ட ஒரு குமிழி, முழு ஓட்டத்தையும் நிறுத்தவோ வேறு கிளைக்குத் திருப்பவோ வல்லது. கடந்துபோகும் குமிழியும் தீங்கற்றதன்று. அதன் விளிம்பு சுவரில் ஒட்டி வளரும் உயிரணுக்களைப் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

குமிழி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் திரவத்துக்குள் இருந்துதான். குளிரூட்டியிலிருந்து எடுத்த கரைசலில் வளிமங்கள் மிகுதியாகக் கரைந்திருக்கும்; அது 37 டிகிரி அடைகாப்பானில் உள்ள சில்லுக்குப் போனதும் கரைதிறன் குறைந்து, வளிமம் சுவரின் சொரசொரப்பான இடங்களில் குமிழியாகப் பிரியும். கரைசலை முன்கூட்டியே சோதனை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, வெற்றிடத்தில் வைத்து வளிமத்தை அகற்றிவிட்டால் பாதித் தொல்லை தீரும். மீதிப் பாதி, முதன்முறை நிரப்பும்போது மூலைகளில் சிக்கும் காற்று. பி.டி.எம்.எஸ் இயல்பில் நீரை ஒட்டவிடாது, நீர்த்துளி பரப்பைத் தொடும் கோணமான சேர்கோணம் 110 டிகிரி அளவில் இருக்கும்; ஆகவே நீர் மூலைகளைத் தாண்டிப் போய்விடும். பரப்பு இழுவிசை குறைந்த எத்தனாலை முதலில் ஓட்டிப் பின் நீருக்கு மாறுவது ஒரு வழி. நீரில் எளிதில் கரையும் கார்பன் டை ஆக்சைடைக் கால்வாயில் முன்கூட்டி நிரப்பிவைப்பது இன்னொரு வழி. அயனியான வளிமமாகிய பிளாஸ்மாவால் பரப்பை நீர் விரும்பும்படி மாற்றுவது மூன்றாவது வழி, ஆனால் பி.டி.எம்.எஸ் காற்றில் கிடந்தால் அந்த இயல்பை இழந்து பழையபடியே திரும்பிவிடும் என்பதால் உடனே நிரப்பிவிட வேண்டும். இப்பொருள் வளிமத்தைக் கசியவிடும் என்பதையே சாதகமாக்கிக்கொள்வதும் உண்டு: வெளியேறும் வாயை அடைத்துவிட்டு உள்வாயில் அழுத்தம் கொடுத்தால், சிக்கிய காற்று சுவர் வழியாகவே வெளியேறி, முட்டுச்சந்து போன்ற அறைகளும் நிரம்பிவிடும்.

இதுவரை சொன்னவை அனைத்தும் சில்லுக்கு வெளியே இருந்து தள்ளும் முறைகள். தள்ளும் உறுப்பைச் சில்லுக்குள்ளேயே கொண்டுவந்த பணிகளில், ஸ்டீபன் குவேக்கின் குழு 2000-இல் வெளியிட்ட ரப்பர் வால்வு இன்றளவும் முன்னோடி. திரவம் ஓடும் கால்வாய் ஓர் அடுக்கிலும், அதைக் குறுக்காகக் கடக்கும் காற்றுக் கால்வாய் இன்னோர் அடுக்கிலும் அமைய, இரண்டுக்கும் இடையே மெல்லிய ரப்பர்ச் சவ்வு மட்டும் இருக்கும். காற்றுக் கால்வாயில் அழுத்தம் ஏறினால் சவ்வு வளைந்து திரவக் கால்வாயை அடைத்துவிடும். திரவக் கால்வாயின் வெட்டுமுகம் வளைவாக இருந்தால்தான் சவ்வு இடைவெளியின்றிப் படியும். செவ்வகமாக இருந்தால் மூலைகளில் கசியும். இத்தகைய மூன்று வால்வுகளை வரிசையாக வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக மூடித் திறந்தால், குடல் உணவை நகர்த்துவதுபோல் திரவம் ஒரு திசையில் நகரும். அதே குழு 2002-இல் வெளியிட்ட பெரும் சில்லுகளில், ஒவ்வொரு கால்வாய்க்கும் தனிக் காற்றுக்குழாய் தேவையில்லை என்பதையும் காட்டியது; இரும எண் முறையில் வால்வுகளை அடுக்கினால் 1024 கால்வாய்களில் எதையும் தனியாகத் தேர்ந்தெடுக்க 20 கட்டுப்பாட்டுக் குழாய்கள் போதும். நடைமுறையில் ஒரு சிறு குறிப்பு: கட்டுப்பாட்டுக் கால்வாயைக் காற்றோடு விட்டால், அந்தக் காற்று சவ்வின் வழியே கசிந்து திரவத்தில் குமிழியாகும், அதனால் அவற்றை நீரால் நிரப்பியே அழுத்தம் கொடுப்பது வழக்கம்.

மின்புலத்தால் ஓட்டுவது இன்னொரு வழி. எலக்ட்ரோ ஆஸ்மோசிஸ் எனப்படும் இந்த விளைவை மாஸ்கோவில் ரெயஸ் 1809-இலேயே கண்டார். கண்ணாடிச் சுவர் நீரில் எதிர்மின்னூட்டம் பெற, அதை ஒட்டி நேர்மின் அயனிகள் சில நானோமீட்டர் தடிமனில் திரளும். நீளவாக்கில் மின்புலம் கொடுத்தால் அந்த அயனிகள் நகர்ந்து, திரவம் முழுவதையும் இழுத்துச் செல்லும். சென்டிமீட்டருக்கு 100 வோல்ட் கொடுத்தால் வேகம் வினாடிக்கு அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும். கால்வாய் சிறுத்தாலும் அந்த வேகம் குறையாது என்பதே இதன் பெரும் பலம். பலவீனங்களும் கடுமையானவை: உப்புச் செறிவு மிகுந்தால் கரைசல் சூடேறும், மின்முனைகளில் குமிழிகள் தோன்றும், புரதம் படிந்து சுவரின் மின்னூட்டம் மாறினால் ஓட்டமும் மாறிவிடும். மின்புலத்தால் மூலக்கூறுகளைப் பிரித்தறியும் சோதனைகளுக்கு இது மிகப் பொருத்தம். உயிரணு வளர்ப்புக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பம்பே இல்லாமல் ஓடும் சில்லுகளும் உள்ளன. உலகில் மிகுதியாகப் பயன்படும் நுண்பாய்மக் கருவிகளில் ஒன்று வீட்டிலேயே செய்துகொள்ளும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டை. அதில் திரவத்தை இழுப்பது பட்டையின் நுண்துளைகளே. இத்தகைய உறிஞ்சலில் நனைந்த நீளம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் கூடுவதால், போகப்போக ஓட்டம் மெதுவாகும். கோடு தோன்றும் இடத்தை எங்கே வைப்பது என்பது இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது. சுழலும் வட்டத்தட்டில் மையவிலக்கு விசையால் ஓட்டினால், நிமிடத்துக்கு 1000 சுற்றில், 2 சென்டிமீட்டர் ஆரத்திலிருந்து 4 சென்டிமீட்டர் ஆரம் வரை நிற்கும் நீர்த்தம்பம் 6600 பாஸ்கல் அளவுக்கு அழுத்தம் தரும். திரவத்தை ஓட்டும் அதே சுழற்சி இரத்தத்தின் அணுக்களையும் பிளாஸ்மாவையும் பிரித்துவிடும். இரண்டு துளிகளைக் கால்வாயின் இரு முனைகளில் வைத்தாலே போதும் என்பதை 2002-இல் வாக்கர், பீபி என்ற ஆய்வாளர்கள் காட்டினர்: சிறிய துளிக்குள் அழுத்தம் அதிகம் என்பதால் அது பெரிய துளியை நோக்கித் தானே ஓடும். ஒரு பிப்பெட்டைத் தவிர வேறு கருவி எதுவும் வேண்டாத இந்த முறைக்கு இன்னும் கூடுதல் கவனம் கிடைத்திருக்க வேண்டும்.

எண்ணெயில் நீர்த்துளிகளை உருவாக்கும் சில்லுகளில், பம்பின் துடிப்பு நேராகவே கண்ணுக்குத் தெரியும். ஓட்டம் சீராக இருந்தால் துளிகள் ஒரே அளவில் வரிசையாக வரும். சிரிஞ்சு துடித்தால் சில துளிகள் பெரிதாகவும் சில சிறிதாகவும், மோட்டாரின் தாளத்துக்கு ஏற்ப அலையலையாக வரும். அந்த வரிசையைக் காணொளியாக்கி, துளியின் நீளத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால், பம்பைப் பற்றி அதன் விவரக்குறிப்பேடு சொல்லாததும் தெரிந்துவிடும்.

உயிரணுக்களைக் கையாளும்போது கணக்கில் இன்னும் இரண்டு எண்கள் சேர்கின்றன. ஒன்று, சுவரில் ஒட்டிய அணுக்களின் மேல் ஓட்டம் செலுத்தும் சறுக்குத் தகைவு, அதாவது பரப்பை ஒட்டி உராய்ந்து இழுக்கும் விசை, ஓர் அலகுப் பரப்புக்கு. 1 மில்லிமீட்டர் அகலமும் 100 மைக்ரோமீட்டர் உயரமும் உள்ள கால்வாயில் நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் ஓடினால் அது 0.1 பாஸ்கல். தமனிகளின் உட்சுவர் அணுக்கள் 1 பாஸ்கலுக்கு மேலும் தாங்கிப் பழகியவை; வேறு பல அணுக்களுக்கோ இந்த 0.1 பாஸ்கலே மிகுதி. உயரத்தைப் பாதியாக்கினால் இது நான்கு மடங்காகும் என்பதால், அணுவுக்குத் தக்கபடி கால்வாயை வடிவமைத்துவிட்டுப் பம்புக்கு வருவதே முறை.

மற்றொன்று அணுக்கள் படியும் வேகம். 10 மைக்ரோமீட்டர் அளவுள்ள அணு வினாடிக்கு 3 மைக்ரோமீட்டர் அளவில் கீழிறங்கும். கிடையாக வைத்த 1 மில்லிலிட்டர் சிரிஞ்சில் அரை மணி நேரத்துக்குள் அணுக்கள் அனைத்தும் அடிச்சுவரில் படிந்துவிடும். அதன்பின் சில்லுக்குப் போவது பெரும்பாலும் வெறும் கரைசல்தான். சிரிஞ்சை வாய் கீழாக நிறுத்தினால் அணுக்கள் ஊசியருகே திரண்டு, தொடக்கத்தில் அளவுக்கு மீறியும் பிறகு மிகக் குறைவாகவும் வரும். சிரிஞ்சுக்குள் சிறு காந்தத் துண்டை இட்டு வெளியிலிருந்து மெல்லக் கலக்கிக்கொண்டே இருப்பதும், அயோடிக்சனால் என்ற அடர்த்தி கூட்டும் பொருளைச் சேர்த்துக் கரைசலின் அடர்த்தியை அணுவின் அடர்த்திக்குச் சமமாக்குவதும் இதற்குக் கைகொடுக்கும் இரு வழிகள். இரண்டாவது வழியில் கரைசலின் பாகுநிலையும் சற்றே கூடுவதால், மேலே சொன்ன ஓட்டத்தடைக் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.